ஏத்தலைன்னா ஏன்?

போன மாதம் நாமக்கல்லில் ஒரு டாக்டரைப் பிடித்துக் கத்திவிட்டேன். வயதில் என் மகனைவிடச் சின்னவர். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் செய்த குற்றம் ஒன்றுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை, வீங்கிய காலை அமுக்கிப் பார்க்கவில்லை, போன தடவை எழுதிய சீட்டைப் புரட்டி அடியில் 'ரிப்பீட்' என்று கிறுக்கினார். அதே மாத்திரை, அதே அளவு, மூன்று மாதம் கழித்து வா.

"ஏத்தலைன்னா ஏன் ஏத்தலைன்னு எழுதுங்க. காரணம் எழுதுங்க!" என்று மேஜையைத் தட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவருக்கு எப்படிப் புரியும்? என் தொண்டையிலிருந்து வந்தது என் குரலே இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கொல்லிமலையில் தினமும் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட குரல்.

அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்து கொடுக்கிற ஆள். ஆபீஸ் காகிதத்தில் மருந்தாளுநர், ஊர் வாயில் கம்பவுண்டர். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் அந்த டாக்டரம்மா வந்து சேர்ந்தார். அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான உருவம். அதற்குள் அவ்வளவு கோபத்தை எப்படி அடைத்து வைத்தார்களோ தெரியாது. பஸ்ஸில் எழுபது வளைவுக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கியவர், வாயைக் கொப்பளித்தார், முந்தானையில் துடைத்தார், நேரே மருந்து அறைக்குள் வந்து என்னைத் திட்டினார். வெயில் படுகிற அலமாரியில் மாத்திரை டப்பாவை வைத்திருந்தேனாம்.

அவர் திட்டுவதில் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு திட்டினாலும் மரியாதை குறையாது. "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்பார். "கண்ணு பொடனியிலயாங்க இருக்குது?" என்பார். "எருமை மாடுங்களா நீங்க?" என்றுகூடக் கேட்டிருக்கிறார். கேட்பவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று இருக்கும். அந்த 'ங்க' எப்போது உதிர்ந்துபோகிறதோ அப்போதுதான் நிஜமான கோபம். அதை நான் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறேன்.

அவர் வருவதற்கு முன்பு எங்கள் வைத்தியம் என்பது ரிப்பீட்தான். இதயம் பலவீனமாகி, காலிலும் வயிற்றிலும் நீர் கோர்த்து, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிற நோயாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்களிடம் வருவார்கள். யாரோ ஒரு டாக்டர் என்றைக்கோ ஒரு அளவு எழுதியிருப்பார். அடுத்து வந்தவர் ரிப்பீட். அதற்கடுத்தவரும் ரிப்பீட். நானும் எண்ணிக் கொடுப்பேன். ஆள் வராமல் நின்றுபோனால், "மலைச்சனங்க, மருந்தை ஒழுங்காச் சாப்பிட மாட்டாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டரம்மாவிடம் ஜெராக்ஸ் எடுத்த ஒரு காகிதக் கட்டு இருந்தது. பலவீனமான இதயத்துக்கு எந்த மருந்து, எவ்வளவில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, எதுவரை கூட்டுவது என்று வெளிநாட்டில் பெரிய டாக்டர்கள் கூடி எழுதிய வழிமுறை. மழையில் நனையாமல் உரச்சாக்கு உள்ளுறையில் சுற்றி வைத்திருப்பார். "இத்தனை பக்கத்துல விஷயம் ஒண்ணுதானுங்க கம்பவுண்டரே," என்றார் ஒரு நாள். "சின்ன அளவுல ஆரம்பிச்சு, ஒடம்பு தாங்கற வரைக்கும் படிப்படியா ஏத்திக்கிட்டே போவோணும். நாம ஆரம்பிச்சதோட நின்னுக்கறோம். வண்டிய ஸ்டார்ட் பண்ணிப்போட்டு ஊரு வந்துடுச்சுங்கறோம்."

அந்தக் கட்டை வைத்து அவர் செய்த வேலைதான் எங்கள் உயிரை எடுத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு, அவர்களே வைத்திருந்து வரும்போதெல்லாம் கொண்டுவர வேண்டும். அதில் அவரே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். தேதி, எடை, ரத்த அழுத்தம், கால் வீக்கம், மாத்திரை அளவு. கடைசியில் ஒரு அகலமான கட்டம். அதன் தலைப்பு, 'ஏத்தலைன்னா ஏன்?'. அளவை ஏற்றினால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. ஏற்றாவிட்டால் காரணம் எழுத வேண்டும். அழுத்தம் குறைவு, மாத்திரை வரவில்லை, மழை, பஸ் இல்லை, ஆளே வரவில்லை, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். டாக்டரோ நர்ஸோ கம்பவுண்டரோ யார் வேண்டுமானாலும் எழுதலாம். காலியாக மட்டும் விடக்கூடாது. விட்டால் தொலைந்தோம்.

'ங்க' உதிர்ந்த முதல் தடவை என் புண்ணியத்தில்தான். மழைக்காலத்தில் மாத்திரை வரத்து குறைந்துவிட்டது. இருப்பதை நான் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தேன். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாமல், அவர் ஏற்றிவைத்த அளவில் பாதி பாதி கொடுத்து அனுப்பினேன். நியாயம் செய்த பெருமையோடு அவரிடம் போய்ச் சொல்லவும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம் குடுத்து ஒருத்தரையும் பொழைக்க விடாமப் பண்றதுக்கு இதென்ன கோயில் பிரசாதமாய்யா? உனக்கு யாரு சொன்னா பிரிக்கச் சொல்லி?"

அன்றைக்கே பஸ் ஏறிக் கீழே போனார். எந்த ஆபீஸில் யார் கழுத்தைப் பிடித்தாரோ, மறுநாள் மத்தியானம் மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பினார். முகம் வாந்தியில் வெளுத்திருந்தது. பெட்டியை என்னிடம் கொடுத்து, "எண்ணி வையுங்க," என்றார். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

அவரை ஏதோ தவறே செய்யாத தெய்வம் மாதிரி நான் எழுதிவிடக்கூடாது. மலையில் ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பெயர்; அரியூர் நாட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார், மரவள்ளிக்கிழங்கு போடுகிறவர். அவருக்கு மருந்து நன்றாகக் கேட்டது. அந்த உற்சாகத்தில் டாக்டரம்மா ஒரே தாவலில் அளவை இரண்டு படி ஏற்றிவிட்டார். பெரியவர் ரத்த அழுத்தம் இறங்கி வயலில் மயங்கி விழுந்தார், நெற்றி கிழிந்தது, தூக்கி வந்தார்கள். தையல் போட்டுக்கொண்டே டாக்டரம்மா, "ஏனுங் அப்புச்சி, நாந்தானுங்க அவசரப்பட்டுட்டேன்," என்றார். பெரியவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அட, வுடு சாமி. வரப்பு வழுக்கிடுச்சு," என்றார். டாக்டரம்மா அதை ஏற்கவில்லை. அளவைக் குறைத்து எழுதினார். கடைசிக் கட்டத்தில், 'தப்பு என்னுடையது. அவசரப்பட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு டாக்டர் அப்படி எழுதி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இனி பாப்பாயி. வளப்பூர் நாட்டுக்காரி. மூன்றாவது பிரசவம் ஆகி இரண்டு மாதத்தில் இதயம் தளர்ந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்த்தி வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். படுக்கவைக்க முடியவில்லை. கால் இரண்டும் உரல் மாதிரி. அழுத்தினால் விரல் குழி அப்படியே நிற்கும். டாக்டரம்மா ஊசி போட்டு, நீர் மாத்திரை கொடுத்து, இதய மாத்திரையைத் தொடங்கினார். பத்து நாளில் நீர் வடிந்தது. கால் வற்றியது. பாப்பாயி தன் காலால் நடந்து பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் திரும்பி வந்தபோது பழையபடி உப்பி இருந்தாள். கூட வந்த மாமியார் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க சாமி, இப்பத்தான் மருமவ ஒடம்பு தேறியிருக்குதுங்க. நீங்க குடுத்த மாத்திரை அவள உருக்கிப்போட்டுச்சு. எலும்புந்தோலுமா ஊட்டுக்கு வந்தாளுங்க. அந்த மாத்திரைய நிறுத்திப்போட்டு, கருவாட்டுக் கொழம்பும் களியுமாப் போட்டு நாந்தான் தேத்துனேன்," என்றார்.

அந்த அம்மாளைக் கோபித்து என்ன பயன்? பஞ்சம் பார்த்த சனம். இளைத்தால் நோவு, பெருத்தால் சுகம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் மூக்கு விடைத்துவிட்டது. மாமியார் கையைப் பிடித்தார். தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சந்தை. எங்கே போகிறார் என்று புரியாமல் நானும் பின்னால் ஓடினேன். மிளகு வியாபாரி கடையில் போய் நின்றார்.

"ஏனுங்க, மூணு கிலோ பச்ச மொளகு காயப்போட்டா எத்தன கிலோ வருமுங்க?" என்று வியாபாரியைக் கேட்டார்.

"ஒரு கிலோ வருமுங்க," என்றார் வியாபாரி.

டாக்டரம்மா மாமியார் பக்கம் திரும்பினார். "மீதி ரெண்டு கிலோ என்னாச்சுங்க?"

"தண்ணிதான். காஞ்சுபோச்சு," என்றார் மாமியார்.

"அய்யோ, எம் மொளகு எளச்சுப்போச்சேன்னு அழுவீங்களா? தண்ணி ஊத்தி உப்ப வெப்பீங்களா?"

"ஊத்துனா பூசணம் புடிச்சுப் போயிடுமே சாமி," என்றவர் ஒரு மிளகை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு, "எங்கூட்டுப் புள்ள ஒடம்புல இருக்கறதும் ஈரந்தானுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு டாக்டரம்மா திட்டவில்லை. "ஆமாங்கம்மா, ஈரந்தானுங்க," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் நெஞ்சு நோயாளிகள் எல்லோருக்கும் எடை பார்ப்பது மிளகுக் கடையில்தான். சுகாதார நிலையத்து எடை மிஷின் யார் ஏறினாலும் நாற்பத்தைந்து என்றே காட்டும். வியாபாரியின் மூட்டைத் தராசு பொய் சொல்லாது. மனுஷரை மிளகுத் தராசில் நிறுத்தலாமா என்று முதலில் அவர் முணுமுணுத்தார். டாக்டரம்மா ஒரு முறை முறைத்ததும் சரியாகிவிட்டார். நோயாளிகள் நோட்டோடு சந்தைக்குச் சந்தை வந்து, இடுப்புப் பிள்ளையையும் அரிவாளையும் இறக்கி வைத்துவிட்டு ஏறி நிற்பார்கள். வியாபாரி நோட்டில் எடையைக் குறிப்பார். இரண்டு கிலோ கூடினால் எங்களுக்கு ஆள் விட்டு, "ஈரம் ஏறியிருக்குது," என்று சொல்லியனுப்புவார். அந்தச் சந்தையிலேயே நீர் மாத்திரை கூட்டப்படும். அந்த ஜெராக்ஸ் கட்டில் தினம் எடை பார்க்கச் சொல்லியிருந்தது. எங்களால் வாரம் ஒரு முறைதான் முடிந்தது. "முழுசா முடியலைன்னு சும்மா இருக்கறதுக்கு இது நல்லதுங்க," என்பார் டாக்டரம்மா.

பாப்பாயிக்கு மருந்து கடைசிப் படி வரைக்கும் ஏறியது. ஒன்றரை வருஷம். பிள்ளைக்கு நடை வந்தது. அவள் மறுபடி மிளகுக் கொடிக்குத் தண்ணீர் சுமந்தாள். "அம்மிணி, குடத்த எறக்குங்க. அரைக்குடம் போதும்னு சொன்னனுங்களா இல்லீங்களா?" என்று டாக்டரம்மா சந்தை நடுவில் அவளைத் திட்டுவார். அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

இரண்டாவது தடவை 'ங்க' உதிர்ந்தது கீழேயிருந்து வந்த ஓர் அதிகாரியிடம். மாத்திரை இவ்வளவு ஏன் செலவாகிறது என்று கேட்க வந்தவர். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினது மேடம். மலைக்கு ஆரம்ப டோஸ் போதும்," என்றார்.

"மலைக்குன்னு தனியா நெஞ்சு வெச்சிருக்கானாய்யா கடவுளு? உங்கம்மாவுக்குக் கால் வீங்குனா ஆரம்பத்தோட நிறுத்துவியா? சொல்லு!"

வெளியே வரிசையில் நின்ற சனம் வாசலில் கூடிவிட்டது. அதிகாரி ஜீப்பில் ஏறிப் போனார். அந்த மாதமே டாக்டரம்மாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. போகிற அன்றைக்குச் சந்தை; வந்திருந்த நோயாளிகளின் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் அடுக்கினார். "கட்டத்தக் காலியா விட்டுப்போடாதீங்க கம்பவுண்டரே," என்றார். பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்.

அவருக்குப் பதிலாக வாரத்தில் இரண்டு நாள் கீழேயிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், கோபமே வராது. பத்தரை மணி பஸ்ஸில் வந்து இரண்டு மணி பஸ்ஸில் போய்விடுவார். எல்லா நோட்டிலும் ரிப்பீட். முதல் வாரம், "சார், அந்தக் கடைசிக் கட்டம்..." என்று இழுத்தேன். "நீங்க மருந்து குடுங்க. வைத்தியத்தை நான் பார்த்துக்கறேன்," என்றார் சிரித்த முகத்தோடு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, உன் பாடு என்று இருந்துவிட்டேன். ரோஷம் என்பது நான் அப்போது வைத்துக்கொண்ட பெயர்.

மூன்றாவது சந்தையில் பாப்பாயி வந்தாள். அவளுக்கு முன்னாலேயே மிளகு வியாபாரி சொல்லியனுப்பிய ஆள் வந்துவிட்டான். "மூணு கிலோ ஈரம் ஏறியிருக்குதாமுங்க." டாக்டர் அவள் நோட்டைத் திறந்தார், ரிப்பீட் என்று எழுதினார், மணியைப் பார்த்தார், மூடினார். நோட்டு என் ஜன்னலுக்கு வந்தது. எடை என் கண் முன்னால் இருக்கிறது. நீர் மாத்திரை டப்பா நிறைய இருக்கிறது. டாக்டர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போய், "சார், மூணு கிலோ கூடியிருக்கு," என்று சொன்னால் போதும். அவர் கெட்டவர் இல்லை, பார்த்திருப்பார். பாப்பாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நேத்து ராத்திரி உக்காந்துக்கிட்டேதான் இருந்தனுங்க," என்றாள். நான் அதே மாத்திரையை அதே அளவில் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

"உப்பைக் குறைச்சுக்கோ அம்மிணி," என்றேன். என் வாயிலிருந்து வந்த வைத்தியம் அவ்வளவுதான். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. நோட்டை அவளிடம் தள்ளினேன்.

அடுத்த சந்தைக்கு மாமியார் மட்டும் வந்தார். இடுப்பில் அந்தப் பிள்ளை. மிளகுக் கடைக்குப் போகவில்லை, நேரே என் ஜன்னலுக்கு வந்து நோட்டை வைத்தார். சந்தைக்குச் சந்தை நோட்டைக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாரல்லவா, அந்தப் பழக்கம்.

"நோட்டு மட்டுந்தான் கொண்டாந்தேன் சாமி," என்றார். "தராசுல நிக்க ஆளு இல்லீங்க."

டாக்டரம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார். அதே வெளுத்த முகம், அதே கொப்பளிப்பு. மருந்து அறைக்குள் வந்து, "பாப்பாயி நோட்டைக் குடுங்க," என்றார். எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடைசி வரிக்கு வந்தார். நான் தலையைக் குனிந்து நின்றேன். இத்தனை நாள் வாங்கியதெல்லாம் ஒன்றுமில்லை, இன்றைக்குக் கூரை பறக்கும் என்று தெரியும். உள்ளபடி சொன்னால் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"ஏனுங்க, அன்னைக்கு மாத்திரை இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க மேடம்."

"எடை பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

அவர் நோட்டை மேஜையில் விரித்து வைத்தார். தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "எழுதுங்க," என்றார்.

டாக்டர் எழுதவில்லை என்று எழுதலாம். எனக்கு அதிகாரம் இல்லை என்று எழுதலாம். இரண்டும் உண்மைதான். கை அதற்கு இணங்கவில்லை. காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில், 'சொல்லப் பயந்தேன்' என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அவர் அதைப் படித்தார். நோட்டை மூடி மேஜையிலேயே வைத்தார். பேனாவை வாங்கிக்கொண்டு, "வாரேனுங்க கம்பவுண்டரே," என்று சொல்லி மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. பாவி மனுஷி, ஒரே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.